ஐஸ் கம்பெனியும் இரண்டாம் யூனிட்டும்

மே 18, வெள்ளி

காலை 10.42-க்கு இரண்டாம் யூனிட் விழுந்தது. விழுந்தது என்றால் இரும்பு எதுவும் கீழே விழவில்லை. எங்கேயோ ஒரு சின்னக் கருவி பயந்துபோய் பாய்லர், டர்பைன் எல்லாவற்றையும் ஒரே நொடியில் நிறுத்திவிட்டது. தெர்மலில், அதாவது எங்கள் அனல்மின் நிலையத்தில், அதற்கு இந்தப் பெயர். மறுபடி ஓட்ட ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை மணல்குடியைச் சுற்றியுள்ள உப்பளத்து மோட்டார், நூல் மில், தீப்பெட்டி ஆபீஸ், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனி எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஊருக்கு ஏற்கெனவே ஒதுக்கிய பவர்கட் நேரம் போக, இது கொசுறு.

10.50-க்கு கண்ட்ரோல் ரூம் போன் அடித்தது. வசவு தாங்காத எக்ஸ்சேஞ்ச்காரர் எங்களுக்கே இணைத்துவிட்டிருக்கிறார்.

"கண்ட்ரோல் ரூமா?"

"ஆமா. உதவிப் பொறியாளர் பெர்க்மான்ஸ் பேசுதேன்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. கரண்டு எங்க?"

நான் பொறுமையாக, பாடப்புத்தகத் தமிழில், பாய்லரில் நெருப்பு எப்படி எரிகிறது என்பதிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். ஆவி பிரியும் டிரம் வரைக்கும்கூடப் போகவில்லை.

"எறநூறு கட்டி ஐஸு உள்ள தண்ணியா நிக்கி. நீங்க எனக்குப் பாடம் எடுக்குதீயளா? ஒங்க மிஷினுக்கு என்ன, தினமும் தலவலியா?"

வந்த போன்களை லாக் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுவது விதி. பேரைக் கேட்டு எழுதினேன்: '10.50. ஐஸ் கம்பெனி, டெல்பின் மேடம். புகார்.' ஐம்பது வயது இருக்கும் என்று குரலை வைத்துக் கணித்தேன். பதினோரு வருட அனுபவம், கணிப்பு தப்பாது.

மே 20, ஞாயிறு

பெண் பார்க்கப் போனோம். இது மூன்றாவது. முப்பத்து நாலு வயதில் இதற்கெல்லாம் படபடப்பு வராது என்று நினைத்திருந்தேன். பெண் காபித் தட்டோடு அறைக்குள் கால் வைத்தாள், ஃபேன் நின்றது. பன்னிரண்டு பேர் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் மாமா சாவகாசமாகக் கேட்டார்.

"தம்பி, இது ஒங்க டிபார்ட்மென்டுதான?"

அது உற்பத்திப் பிரிவு, இது விநியோகப் பிரிவு என்று நான் வேறுபாட்டைச் சொல்லியிருக்கக் கூடாது. வேர்வை என் மூக்கு நுனியிலிருந்து காபிக்குள் சொட்டியது. பஸ் ஸ்டாண்டு வருமுன்னே வேண்டாமென்று தகவல் வந்துவிட்டது.

"நீ பேசாம வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்ல. அவுகளுக்குக் கரண்டு போனா யாரும் ஏச மாட்டாக" என்றாள் அம்மா.

மே 23, புதன்

யூனிட் விழவில்லை. ஆனாலும் ஐஸ் கம்பெனியிலிருந்து போன்.

"இன்னைக்கு ஓடுமா?"

"ஓடும் மேடம்."

"ஓடுனா சரி."

நான்கு நிமிடம் பேசினோம். முழுக்க அலுவல் சம்பந்தமாகத்தான். ஐஸ் உறைய எத்தனை மணி நேரம் ஆகும், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் டப்பாக்களை எப்படி இறக்குவார்கள், அவள் ஏன் மதியம் சாப்பிடுவதில்லை, இப்படி. எங்கள் ஷிப்டின் தலைவர் சுடலையாண்டி சார் லாக் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். 'நான்கு நிமிடம்' என்பதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். எனக்குக் காது சூடானது.

மே 26, சனி

ஓய்வு நாள். தொழிற்பகுதியின் மின்தேவையை நேரில் ஆய்வு செய்யலாமென்று மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். புதுச் சட்டை போட்டதற்குக் காரணம், மற்றதெல்லாம் தோய்க்கக் கிடந்தது.

ஐம்பது வயது இல்லை.

முப்பத்தொன்று. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, சங்கிலியில் தொங்கும் ஐஸ் டப்பாவை ஒற்றைக் கையால் இழுத்து நிறுத்தினாள். அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து ஐந்து வருடமாக அவள்தான் கம்பெனி. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போவதால் எல்லா டப்பாவிலும் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் அந்தப் பாடம் எடுக்குற ஆளா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. யூனிட் விழுகிற மாதிரிதான், ஒரே நொடியில் எல்லாம் நின்றுவிட்டது.

"சட்ட புதுசு போல. காலர்ல கரி" என்றாள். தெர்மல் ஆட்களின் காலரில் கரி இருக்கத்தான் செய்யும், பீரோவுக்குள் மடித்து வைத்தாலும். திரும்பி வரும் வழியில் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன் என்று பக்கத்து வீட்டில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். காற்று எதிர்த்து அடித்தது, அதனால் வாய் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

மே 29, செவ்வாய்

மானம் போன நாள். ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை, எழுதும்போதுகூட.

கண்ட்ரோல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. போனில் யார் எந்த உத்தரவு கொடுத்தாலும் கேட்டவன் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லி, 'சரி' என்று முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கை பொத்தானுக்குப் போகலாம். பதினோரு வருடத்தில் அது எனக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. வீட்டில் அம்மா, "தக்காளி அரைக் கிலோ வாங்கிட்டு வா" என்றால், "தக்காளி அரைக் கிலோ, சரி" என்பேன்.

காலையில் டெல்பின் போன். நாளை படகெல்லாம் கடலுக்குப் போகிறது, கரண்டு நிற்குமா என்று கேட்டாள். நிற்காது என்றேன். எவ்வளவு நாளுக்கு என்றாள். எனக்கு அந்த நேரம் என்ன பிடித்ததோ, "நீங்க எவ்வளவு நாளு கேக்குதீயளோ, அவ்வளவு நாளு" என்றேன். அதோடு, பெண் பார்க்கப் போய்த் திரும்பிய மூன்று கதையையும் கொட்டிவிட்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல்:

"எனக்கும் மூணு எடத்துல பாத்துட்டாக. கல்யாணத்துக்கப்புறம் கம்பெனிய விட்டுரணுமாம். நீங்க அப்பிடிச் சொல்ல மாட்டீய, தெரியுது. ஆனா ஒங்க வாய நம்ப முடியாது. இன்னையிலருந்து ஒரு மாசம் இந்த யூனிட்டு விழாம ஓடட்டும். நானே ஒங்க அம்மாவ வந்து பாக்கேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று சொன்னேன்:

"இன்னையிலருந்து ஒரு மாசம் யூனிட் விழாம ஓடுனா, டெல்பின் மேடம் எங்க அம்மாவ வந்து பாப்பாங்க. சரி."

அறையில் ஒன்பது பேர். பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. சுடலையாண்டி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"லாக்ல எழுதிரு. நேரம் 9.15" என்றார்.

ஜூன் 1, வெள்ளி

ஓடுகிறது.

ஜூன் 4, திங்கள்

தெர்மல் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் எனக்கு இரண்டு வடை. கரிக்கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் பண்ணி, "நல்ல கரியாப் பாத்து அனுப்புதோம் சார்" என்றார். கன்வேயர் பெல்ட் பக்கத்தில் கல் பொறுக்கும் பெண்கள், நான் கடந்துபோனபோது குலவை போட்டார்கள். பெல்ட்டில் ஒரு கல்கூட வராதாம். இரண்டாம் யூனிட்டுக்குக் கல்யாண யூனிட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தனிப்பட்ட விஷயத்தை இப்படிப் பொதுவாக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பல் தெரியச் சொன்னேனாம்.

ஜூன் 10, ஞாயிறு

அம்மாவுக்கு வெள்ளைச் சுவர் வேண்டுமாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். யார் வருகிறார்கள் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு கோட் அடித்தேன்.

ஜூன் 15, வெள்ளி

ஐயோ, சொறி மீன்!

டர்பைனைக் குளிரவைக்கக் கடல் தண்ணீர் இழுக்கிறோம். அந்த வாயில் வலைத் தடுப்பு உண்டு. காலை எட்டரைக்குக் கண்ணாடி போலிருக்கும், பட்டால் அரிக்கும் அந்த ஜெல்லி மீன் ஆயிரக்கணக்கில் வந்து அதில் அப்பிக்கொண்டது. தண்ணீர் குறைந்தது, டர்பைனுக்கு மூச்சு முட்டியது, என் மேஜையில் விளக்கு ஒவ்வொன்றாகச் சிவப்பாகிறது. லோடைக் குறைத்தோம். இன்னும் கால் மணி நேரம் தாங்கும். பிளாண்டில் இருந்த அத்தனை பேரும் கம்பி, வாளி, முறம் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடலோரம் ஓடினார்கள். கேன்டீன் மாஸ்டர் பூரி எடுக்கும் கரண்டியோடு ஓடினார்.

நான் மேஜையை விட்டு எழக் கூடாது. போனை எடுத்தேன். யாருக்கு என்று யோசிக்கக்கூட இல்லை.

"சொறியா? இருங்க" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நிமிடத்தில் துறைமுகத்திலிருந்து இரண்டு வள்ளம், ஆறு ஆள், இழுவலை. அள்ளிக் குவித்துவிட்டார்கள். 8.58-க்கு என் மேஜையில் கடைசிச் சிவப்பு விளக்கு அணைந்தது. உடம்பெல்லாம் அரிப்போடு திரும்பி வந்த சுடலையாண்டி சார் சொறிந்துகொண்டே சொன்னார்:

"பெர்க்மான்சு, இந்தப் பொண்ண ஷிப்டுல சேத்துக்கிடலாம்ல."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அரிப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

ஜூன் 20, புதன்

ஓடுகிறது, ஓடுகிறது, ஓடுகிறது.

ஜூன் 23, சனி

பாய்லருக்கு ஊற்றும் தண்ணீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். மீட்டர் பழையது. சாயங்காலம் முடி வெட்டிக்கொண்டேன்.

ஜூன் 24, ஞாயிறு

பழைய மீட்டர் என்றால் அப்படித்தான் காட்டும்.

பூசைக்குப் போனேன். டெல்பின் இரண்டு பெஞ்சு முன்னால். பிரசங்கத்தின் நடுவில் தலைமுக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பி, நான்கு விரலைக் காட்டினாள். இன்னும் நாலு நாள். எனக்கு ஜெபப் புத்தகம் தலைகீழாக இருந்தது தெரியவில்லை, பக்கத்துப் பாட்டையா திருப்பி வைத்தார். தண்ணீர் பற்றி நினைக்கவில்லை. இரண்டு தடவைதான் நினைத்தேன்.

ஜூன் 25, திங்கள்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் முதல் வேலையாகச் சோதித்தேன்.

இதைச் சரியாக எழுத வேண்டும். பாய்லருக்குள் ஆயிரக்கணக்கான குழாய். ஒன்றில் ஊசி அளவு ஓட்டை விழுந்தால் ஆவி சீறி வெளியேறும், அதனால்தான் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும். அந்தச் சீற்றம் பக்கத்துக் குழாயை அறுக்கும். இப்போதே நிறுத்தினால் மூன்று நாள் வேலை. நிறுத்தாமல் ஓட்டினால் இன்னும் நாலு நாள் தாங்கலாம். தாங்காமல் வெடிக்கவும் செய்யலாம். வெடித்தால் பத்து நாள் நிற்கும், பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளும் போவார். மூன்று நாளாக எனக்கு இது தெரியும். மீட்டர் மீட்டர் என்று எழுதியதெல்லாம் பொய்.

சுடலையாண்டி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் சனிக்கெழமையே தெரியும்ல" என்றார்.

அவருடைய நோட்டை எடுத்துக் காட்டினார். தண்ணீர்க் கணக்கு வழக்கம்போல் என்று எழுதியிருந்தது. தண்ணீரைச் சோதிக்கும் லேப் அம்மாவின் நோட்டிலும் அதே எண். என் நோட்டிலும் அதே எண். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், மூன்று பேரும் என் கல்யாணத்துக்காக ஒரே பொய்யை எழுதியிருக்கிறோம். சிரித்துவிட்டேன். சாரும் சிரித்தார். அந்த நேரத்தில் எங்களை யாராவது பார்த்திருந்தால் இரண்டு பைத்தியம் என்றிருப்பார்கள்.

அப்போது பேச்சிமுத்து அண்ணன் உள்ளே வந்தார். பாய்லரைச் சுற்றி நடந்து பார்த்துக்கொள்வது அவர் வேலை. முகமெல்லாம் சாம்பல்.

"எடது பக்கம், ரெண்டாம் தளம் சார். நான் ரெண்டு நாளா அதுக்குப் பக்கத்துலயேதான் நிக்கேன். காத வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கேன். சத்தம் கூடுனா ஓடியாந்து சொல்லிருதேன். மூணு நாளுதான? நீங்க ஒண்ணும் கவலப்படாதீய."

அவருடைய இடது காது சிவந்து கன்றிப்போயிருந்தது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில், எனக்காக, இரண்டு நாள்! என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது.

"சார், நிறுத்திருவோம்."

"நிறுத்திருவோம். சரி" என்றார் சார்.

சென்னைத் தலைமை அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்தம். பேச்சிமுத்து அண்ணனை அந்தத் தளத்துக்கே போகக் கூடாது என்று சார் கேன்டீனில் உட்காரவைத்துவிட்டார்.

12.20-க்கு நான் போனை எடுத்தேன். இத்தனை வருடத்தில் தெர்மலிலிருந்து யாரும் யாருக்கும், கரண்டு போகப்போகிறது என்று முன்கூட்டிச் சொன்னதில்லை. போன பிறகு வசவு வாங்குவதுதான் வழக்கம்.

"யூனிட் நிக்கப்போகுது. ஆறு மணிக்கு. மூணு நாளு."

அவள் வாய்விட்டு நாட்களை எண்ணினாள்.

"இன்னும் மூணு நாளுதான இருந்துச்சு" என்றாள்.

"ஆமா. ஓட்ட விழுந்திருக்கு. ஓட்டுனா ஆளுக்கு ஆபத்து." சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னேன். "எனக்கு சனிக்கெழமையே தெரியும் டெல்பின். மறச்சுட்டேன்."

"நேத்து கோயில்ல நான் வெரலு காட்டுனப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

வைத்துவிட்டாள். சரியாக ஆறு மணிக்கு நானே என் கையால் நிறுத்தினேன். இருபத்தேழு நாள்.

ஜூன் 26, செவ்வாய்

போன் இல்லை. நாலு தடவை ரிசீவரைத் தூக்கி டயல் டோன் வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது.

மீன்காரம்மா அம்மாவிடம் சொன்னாளாம்: நேற்று மதியம் ஐஸ் கம்பெனிப் பொண்ணு துறைமுகத்தில் ஒவ்வொரு கம்பெனியாக ஓடிச் சொல்லி, ஆறு மணிக்குள் இருந்த கட்டியெல்லாம் உடைத்து மரத்தூளில் பொதிந்து வைத்துவிட்டார்களாம். ராத்திரி வந்த படகில் ஒரு கூடை மீன்கூடக் கெடவில்லை. அம்மா ஊளி மீன் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 27, புதன்

பாய்லரைத் திறந்துவிட்டோம். ஒன்றரை நாள் ஆறவிட்டும் உள்ளே உலைதான். வெல்டிங் ஆட்கள் பத்து நிமிடம் போவார்கள், வேர்வை வழிய வெளியே வந்து விழுவார்கள். அடுத்த ஆள் போவார். பேச்சிமுத்து அண்ணன் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பதினொரு மணிக்குக் கேட்டிலிருந்து போன். "சார், ஒரு லாரி வந்திருக்கு. ஐஸு. யாரும் ஆர்டர் குடுத்தீயளா?"

நான் ஓடினேன். ஷிப்டில் ஓடக் கூடாது என்று விதி. ஓடினேன்.

மரத்தூள் சிந்தச் சிந்த முப்பது கட்டி ஐஸ். ஓட்டுநர் பக்கத்து ஸீட்டிலிருந்து ரப்பர் பூட்ஸ் இறங்கியது. கேட்காரர் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் அவள் தலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அடுப்புக்குள்ள ஆளு போறாவளாமே. ஃபேனுக்கு முன்னால கட்டிய வச்சா காத்து குளுந்து வரும். எங்க வைக்கணும்?"

காட்டினேன். பெரிய காற்றாடிகளுக்கு முன்னால் வரிசையாக ஐஸ் கட்டி. குளிர்ந்த காற்று பாய்லருக்குள் போக, உள்ளே இருந்து விசில் சத்தம் வந்தது. வெல்டர்கள்தான் அடிக்கிறார்கள். பேச்சிமுத்து அண்ணன் ஒரு துண்டு ஐஸை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, ஆஹா என்று கண்ணை மூடினார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாசம் முடியலயே?"

"முடியல. ஒங்க மிஷின நம்பிக் காத்திருந்தா எனக்குக் கெழவிப் பருவம் வந்துரும்னு நானே போயிட்டேன்."

"எங்க?"

அவள் லாரியைக் காட்டினாள். ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா! வெளுத்த புடவையில், செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படியில் காலை வைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் அம்மா தெர்மலுக்குள் வந்ததில்லை. டெல்பின் போய் இடுப்பைப் பிடித்து இறக்கினாள். அம்மா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா வச்சுக்கிட்டாடா வீட்டுல எனக்கு ஃபேன் ஓடல?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பின் மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மறச்சதுக்கு ரெண்டு நாளா ஒங்க மேல கோவம். இன்னும் போகல, கேட்டீயளா? இன்னொரு தடவ ஒரு மணி நேரம் மறச்சாலும் ஐஸ் டேங்குக்குள்ள முக்கிருவேன்."

முக்கட்டும். எனக்கு அந்த நிமிடம் சந்தோஷத்தில் கை கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. காலர் முழுக்கக் கரி, கண்ணில் தண்ணீர், கையில் ஐஸ்.

அதற்குள் அம்மா சுடலையாண்டி சாரைப் பிடித்துக்கொண்டாள். ஆவணியில் கல்யாணம் வைத்தால் மகனுக்கு எத்தனை நாள் லீவு தருவீர்கள் என்று கேட்டாள்.

"யூனிட் ஓடிக்கிட்டிருந்தா பத்து நாளு தருவேன்மா" என்றார் சார்.

டெல்பின் ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஓடாட்டாலும் பத்து நாளுதான்."